மேற்கோள் எங்கே முடிகிறது? நிறம் மாறும் எழுத்துகளின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்து இப்போது மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு மாணவி, ஒரு வாரமாக எடிட்டரில் "ரா ஸ்டிரிங்" நிறத்தைச் சரிசெய்யும் வேலையில் இருப்பதாகச் சொன்னாள். நிறத்துக்கு ஒரு வாரமா என்று கேட்டேன். "மேற்கோள் எங்க முடியுதுன்னு எடிட்டருக்குத் தெரியல டீச்சர்" என்றாள். மேற்கோள் குறியைக் கரும்பலகையில் போட்டுப் போட்டுக் கை தேய்ந்தவளுக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன். இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். புரோகிராம் எழுதுகிறவர்களின் திரையைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துகள் பல நிறங்களில் இருக்கும். கட்டளைச் சொல் ஒரு நிறம், எண் ஒரு நிறம், மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் வாசகம் இன்னொரு நிறம். இதற்கு சிண்டாக்ஸ் ஹைலைட்டிங் என்று பெயர். மேற்கோளுக்குள் இருக்கும் வாசகத்தை ஸ்டிரிங் என்பார்கள். அது கணினிக்குக் கட்டளை அல்ல, வெறும் வாசகம். "கதவைத் திற" என்று மேற்கோளுக்குள் இருந்தால் கணினி எதையும் திறக்காது, அந்தச் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளும். மேற்கோளுக்கு வெளியே இருந்தால் அது கட்டளை. ஆகவே மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இலக்கண நுணுக்கம் மட்டுமல்ல, எது பேச்சு, எது செயல் என்பதைப் பிரிக்கும் கோடு.

இந்தக் கோட்டைப் போடுவதில் மனிதர்களுக்கு இருந்த சிரமம் கணினியைவிட மிகப் பழையது. அலெக்ஸாண்ட்ரியாவில் ஹோமரின் காவியங்களை ஆராய்ந்த கிரேக்க அறிஞர்கள், குறிப்பிடத்தக்க வரிகளின் ஓரத்தில் > போன்ற ஒரு குறியை இட்டார்கள். அதற்கு டிப்ளே என்று பெயர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டார்க்கஸ் அதை நிறையப் பயன்படுத்தினார். பிறகு கிறிஸ்தவ நூல்களைப் படியெடுத்தவர்கள், வேதத்திலிருந்து எடுத்த மேற்கோள்களுக்கு அந்தக் குறியை இட்டார்கள். கவனியுங்கள், குறி வாக்கியத்துக்கு உள்ளே இல்லை. பக்க ஓரத்தில் இருக்கிறது. மேற்கோள் பத்து வரி ஓடினால் பத்து வரியின் ஓரத்திலும் குறி இருக்கும்.

அச்சு வந்த பிறகும் ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. பழைய அச்சுப் புத்தகங்களில் மேற்கோளின் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் இரட்டைக் காற்புள்ளி போன்ற குறிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று நாம் இன்று போடும் ஜோடிக் குறி பிறகுதான் நிலைபெற்றது. பார்க்க அழகு, இடமும் மிச்சம். ஆனால் ஒன்றை இழந்துவிட்டோம். ஓரக்குறி இருந்த புத்தகத்தை நடுவில் எங்கே பிரித்தாலும், இந்த வரி மேற்கோளா இல்லையா என்பதை அந்த வரியே சொல்லிவிடும். ஜோடிக் குறி வந்த பிறகு அதை அறிய மேலே போய்த் தொடக்கக் குறியைத் தேட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

(ஒரு சிறு இடைச்செருகல். நம் தமிழில் பேச்சை எடுத்துச் சொல்ல "என்று" போதும். வருகிறேன் என்று சொன்னான். முடிவுக்குச் சொல் இருக்கிறது, தொடக்கத்துக்கு ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மேற்கோளை மூடிவிட்டுத் திறக்க மறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.)

இப்போது கணினிக்கு வருவோம். 1957இல் ஐ.பி.எம். நிறுவனம், ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதில் வாசகம் எழுதும் முறை மிக விசித்திரமானது. மேற்கோள் குறியே கிடையாது. எத்தனை எழுத்து என்று எண்ணி அந்த எண்ணை முதலில் எழுத வேண்டும், அடுத்து ஹெச் என்ற ஆங்கில எழுத்து, அதன் பின் வாசகம். ஹலோ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ஆகவே 5, ஹெச், பிறகு அந்த ஐந்து எழுத்து. அந்த ஹெச், ஹெர்மன் ஹாலரித் என்பவரின் பெயரின் முதல் எழுத்து. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எண்ணியவர் அவர். அவருடைய நிறுவனமும் வேறு சிலவும் சேர்ந்துதான் பிற்பாடு ஐ.பி.எம். ஆயின.

இந்த முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு. வாசகத்துக்குள் எந்தக் குறி வேண்டுமானாலும் வரலாம், குழப்பமே இல்லை. எண்ணிக்கை முடிந்தால் வாசகம் முடிந்தது. ஆனால் எண்ணுவது மனிதன். ஆறு என்று எழுதிவிட்டால் அடுத்திருக்கும் கட்டளையின் முதல் எழுத்து வாசகத்துக்குள் விழுங்கப்படும். நான்கு என்று எழுதினால் கடைசி எழுத்து வெளியே தனியாகத் தொங்கும். வாசகத்தை ஓர் எழுத்து திருத்தினாலும் மறுபடி எண்ண வேண்டும். பஞ்ச் கார்டு காலத்தில் இதனால் எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்களோ! ஃபோர்ட்ரான் 77 தரத்தில் இது கைவிடப்பட்டு, ஒற்றை மேற்கோள் குறிக்கு மாறினார்கள்.

குறிக்கு மாறியதும் உடனே அடுத்த கேள்வி வருகிறது. வாசகத்துக்குள்ளேயே அந்தக் குறி வந்தால்? ஓ'பிரையன் என்று ஒரு பெயர் இருந்தால்? ஃபோர்ட்ரான் 77, பாஸ்கல், தரவுத்தளங்களுக்கான எஸ்.கியூ.எல். ஆகியவை சொன்ன விடை, இரண்டு முறை போடு என்பது. உள்ளே ஒரு குறி வேண்டுமானால் இரண்டு குறி. எளிய விடைதான். ஆனால் போட மறந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் பிறகு கண்டது. இணையப் படிவத்தில் பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே ஒரு மேற்கோள் குறியைத் தட்டி, அதன் பின்னால் தரவுத்தளக் கட்டளை ஒன்றையும் எழுதினால், குறி வாசகத்தை முன்கூட்டியே மூடிவிடும். மீதி எழுத்து கட்டளையாக ஓடும். 1998இல் ஃபிராக் என்ற இணைய இதழில் இந்த ஓட்டை பொதுவெளியில் எழுதப்பட்டது. எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷன் என்ற பெயரில் பிறகு எத்தனையோ தகவல் திருட்டுகளுக்கு அது வாசலானது. மேற்கோள் எங்கே முடிகிறது என்பது யாரோ சில பேரின் அழகுணர்ச்சிப் பிரச்சினை அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

இன்னொரு விடை, \ என்ற குறி. பேக்ஸ்லாஷ். இதன் கதை சுவையானது. 1961இல் ஐ.பி.எம்.மில் இருந்த பாப் பீமர் இதை ஆஸ்கி எழுத்துத் தொகுதிக்குப் பரிந்துரைத்தார். 1963இல் தரம் வெளியானபோது அதில் இடம்பெற்றது. எதற்காகத் தெரியுமா? அல்கால் என்ற மொழியில் "மற்றும்", "அல்லது" என்பதற்குக் கூரை போலவும் பள்ளம் போலவும் இரண்டு கணிதக் குறிகள் உண்டு. /\ என்றும் \/ என்றும் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்து அவற்றை வரைந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். மேற்கோளுக்கும் அதற்கும் அன்று சம்பந்தமே இல்லை. உங்கள் விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கும் எஸ்கேப் விசைக்குரிய குறியையும் அவர்தான் கொண்டுவந்தார். ஒரே மனிதர், இரண்டு குறிகள். பிற்பாடு இரண்டும் ஒரே வேலையில் வந்து சேர்ந்தன என்பது வேடிக்கை.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பி என்ற மொழியை எழுதியபோது, வாசகத்துக்குள் விசேஷக் குறிகளைச் சொல்ல நட்சத்திரக் குறியைத்தான் பயன்படுத்தினார். நட்சத்திரம் போட்டு என் என்ற எழுத்தைப் போட்டால் புதிய வரி. அதிலிருந்து டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கியபோது அந்த இடத்துக்கு பேக்ஸ்லாஷ் வந்தது. \ போட்டு என் எழுத்து என்றால் புதிய வரி, \ போட்டு டி எழுத்து என்றால் இடைவெளி, \" என்றால் "இது முடிவுக் குறி அல்ல, வாசகத்தில் உள்ள குறி" என்று பொருள். சி மொழியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேக்ஸ்லாஷ் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 1983இல் வந்த எம்.எஸ். டாஸ் 2.0, கோப்புறைகளைப் பிரிக்க அதையே எடுத்துக்கொண்டது. முன் சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளுக்குப் போய்விட்டதால் அதற்கு வேறு வழி இல்லை. விளைவு? நியூ என்ற கோப்புறையின் முகவரியைச் சி மொழியில் எழுதினால், பேக்ஸ்லாஷை அடுத்து ஆங்கில என் எழுத்து வருகிறது. கணினி அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்கிறது. டேபிள் என்று கோப்பின் பெயர் இருந்தால் அதில் ஓர் இடைவெளி நுழைகிறது. அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கணினி சாதிக்கும். எழுதியவருக்கோ கோப்பு கண்ணெதிரே இருக்கிறது.

இன்னொரு பக்கம் ரெகுலர் எக்ஸ்பிரஷன். ஒரு நீண்ட உரையில் ஒரு வடிவத்தைத் தேடுவதற்கான குறியீட்டு முறை அது. அதை உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தவரும் கென் தாம்சன்தான், 1968இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அங்கும் பேக்ஸ்லாஷுக்குத் தனிப் பொருள். உரையில் ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட வேண்டுமானால் தேடல் முறைக்காக இரண்டு போட வேண்டும். அந்த இரண்டையும் சி மொழியின் மேற்கோளுக்குள் வைக்க ஒவ்வொன்றையும் இரட்டிக்க வேண்டும். ஆக நான்கு. \\\\ என்று வரிசையாக நான்கு சாய்கோடுகள், ஒன்றைத் தேடுவதற்கு! இதைப் படிப்பவர் கண் என்ன ஆகும்?

இந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததுதான் ரா ஸ்டிரிங். ரா என்றால் பச்சையாக, சமைக்காமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உள்ளே இருப்பதைத் தொடாதே, எழுதியபடியே எடுத்துக்கொள்" என்று கணினிக்குச் சொல்வது. பைத்தானில் மேற்கோளுக்கு முன் ஆர் என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் ரா ஸ்டிரிங். 2002இல் வந்த சி ஷார்ப் மொழியில் @ குறி. கோ மொழியில் பின்சாய்ந்த ஒற்றைக் குறி.

ஆனால் பச்சை வாசகத்துக்கும் முடிவு வேண்டுமே! பேக்ஸ்லாஷைப் பிடுங்கிவிட்டால், உள்ளே மேற்கோள் குறி வரும்போது "இது முடிவல்ல" என்று சொல்ல வழி இல்லாமல் போகிறது. இங்கே ஒரு நல்ல யுக்தியைக் கண்டுபிடித்தார்கள். தொடக்கக் குறியையே எழுதுபவர் தேர்ந்தெடுக்கலாம், அதே குறி திரும்பி வரும்போதுதான் முடிவு. லுவா மொழியின் 5.1 பதிப்பில், 2006இல், சதுர அடைப்புகளுக்கு நடுவே எத்தனை சமக்குறி போட்டுத் திறக்கிறோமோ அத்தனை போட்டு மூட வேண்டும். சி பிளஸ் பிளஸ் 2011 தரத்தில் பதினாறு எழுத்து வரை நாமே ஒரு அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ரஸ்ட் மொழியிலும், 2019இல் வந்த ஸ்விஃப்ட் 5இலும் # குறி. ஸ்விஃப்ட்டில் இப்படி எழுதலாம்:

#"அவர் "வா" என்றார்"#

உள்ளே இரண்டு மேற்கோள் குறிகள் இருக்கின்றன. அவற்றை அடுத்து # இல்லை, ஆகவே அவை முடிவல்ல. வாசகத்துக்குள்ளேயே "# என்ற ஜோடி வருமானால் வெளியே ##" என்று இரண்டாகப் போட்டுத் திறக்கலாம். அதற்கும் மேலே மூன்று. ஹாலரித் முறையின் எண்ணிக்கை மறுபடி வந்துவிட்டது பார்த்தீர்களா? ஒரு வித்தியாசம், இப்போது எண்ண வேண்டியது வாசகத்தின் எழுத்துகளை அல்ல, வேலியின் கம்பங்களை. அதனால் வாசகத்தைத் திருத்தினாலும் பெரும்பாலும் கணக்கு மாறாது.

ஜாவா மொழிக்காரர்கள் மட்டும் தயங்கினார்கள். ரா ஸ்டிரிங்கை ஜாவா 12இல் சோதனை வடிவில் தருவதாக இருந்தது. 2018 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். பதிலுக்கு மூன்று மேற்கோள் குறிகளால் சூழப்பட்ட பல வரி வாசகத்தைக் கொண்டுவந்தார்கள், 2020இல் ஜாவா 15இல் அது நிலைபெற்றது. அதில் பேக்ஸ்லாஷ் தன் பழைய வேலையைத் தொடர்ந்து செய்கிறது. அறிவித்த பிறகும் சரியில்லை என்று தோன்றியதைத் திரும்பப் பெறுவதற்குத் துணிவு வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

சரி, நிறம் எங்கே வந்தது? நிறத்தின் கதை ஓர் அகராதியில் தொடங்குகிறது என்றால் தமிழாசிரியர்கள் மகிழ்வீர்கள். 1980களில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்கு ஏற்றும் பணி நடந்தது. 1928இல் நிறைவடைந்த முதல் பதிப்பையும் அதன் துணைத் தொகுதிகளையும் சேர்த்து, 1989இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வந்தது. அந்தப் பணிக்காக ஐ.பி.எம்.மின் மைக் கௌலிஷா 1985இல் லெக்ஸ் என்ற எடிட்டரை எழுதினார். அகராதிப் பதிவு ஒன்றில் தலைச்சொல், உச்சரிப்பு, சொற்பிறப்பு, பொருள், பழைய நூல்களிலிருந்து மேற்கோள் என்று பல அடுக்கு உண்டு. எல்லாம் ஒரே எழுத்தில் இருந்தால் கண் தடுமாறும். தட்டத் தட்டவே உரையைப் பகுத்து, அடுக்குகளை நிறத்தாலும் எழுத்துருவாலும் பிரித்துக் காட்டியது அந்த எடிட்டர். நிறமூட்டும் எடிட்டர்களில் மிக முந்தையவற்றுள் அதுவும் ஒன்று.

1998இல் பிராம் மூலெனாரின் விம் எடிட்டர், 5.0 பதிப்பில் நிறத்தைக் கொண்டுவந்தது. (இவரைப் பற்றி ஒரு வார்த்தை. விம்மை இலவசமாகக் கொடுத்துவிட்டு, விருப்பமுள்ளவர்கள் உகாண்டாவில் கிபாலே என்ற ஊரின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டவர். 2023இல் காலமானார்.) 2004இல் ஆலன் ஓட்கார்ட் எழுதிய டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டர் வந்தது. அதன் நிற விதிகள் எழுதும் முறையைத்தான் மைக்ரோசாஃப்ட்டின் வி.எஸ். கோடு உட்படப் பல எடிட்டர்கள் ஏற்றுக்கொண்டன. இப்போது நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்க்கும் நிறங்கள் அந்த விதிகளிலிருந்து வருபவை.

சிக்கல் இங்கேதான். நிறமூட்டும் பகுதி, புரோகிராமைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்பைலர் அல்ல. நாம் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறம் மாற வேண்டும். அதனால் அது மேலோட்டமாக, வரிவரியாக, ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதிகளைக் கொண்டு ஊகிக்கிறது. "மேற்கோள் குறி வந்தால் வாசகம் தொடங்குகிறது, பேக்ஸ்லாஷ் வந்தால் அடுத்த எழுத்தைத் தாண்டு, அடுத்த மேற்கோள் குறியில் முடி." சி மொழிக்கு எழுதிய இந்த விதியை ரா ஸ்டிரிங்குக்கும் போட்டால் என்ன ஆகும்?

சி ஷார்ப்பில் ஒருவர் @"சி:\" என்று எழுதுகிறார் என்று வையுங்கள். மொழியின்படி இது சரி. பேக்ஸ்லாஷ் சாதாரண எழுத்து, அடுத்த குறியில் வாசகம் முடிந்தது. நிற விதியோ பேக்ஸ்லாஷைக் கண்டதும் பக்கத்துக் குறியைத் தாண்டிவிடுகிறது. வாசகம் முடிந்தது அதற்குத் தெரியாது. அங்கிருந்து கீழே வரும் கட்டளைகள் எல்லாம் வாசகத்தின் நிறத்தில் ஓடும். எதிர்ப் பக்கம், முன்னே காட்டிய #"அவர் "வா" என்றார்"# என்பதில் "வா" மட்டும் கட்டளை நிறத்துக்குப் போகும். உள்ளே இருக்கும் குறிகள் ஒற்றைப்படையாக இருந்துவிட்டால் போச்சு, அதற்குப் பின் வாசகமெல்லாம் கட்டளையாகவும் கட்டளையெல்லாம் வாசகமாகவும் தலைகீழாகத் தெரியும்.

அனுபவசாலி சிரித்துவிட்டுப் போவார். புதிதாகக் கற்கும் பிள்ளை என்ன செய்யும்? நிறம் தவறு என்றால் தான் எழுதியது தவறு என்றுதான் நினைக்கும். சரியாக எழுதிய குறியை அழிக்கும், வேண்டாத இடத்தில் இன்னொன்றைச் சேர்க்கும். இப்போது நிறம் சரியாகிவிடும், புரோகிராம் ஓடாது. ஆசிரியர் சிவப்பு மையால் சரியான விடையை அடித்துவிட்டால் மாணவன் தவறான விடையைக் கற்றுக்கொள்வான் அல்லவா, அதுபோல. அந்த மாணவி ஒரு வாரம் செலவிட்டது வீண் வேலை இல்லை என்று எனக்குப் பட்டது இங்கேதான்.

எல்லா மொழிக்கும் ஒரே திருத்தம் செல்லாது என்பது அடுத்த தலைவலி. பைத்தானில் ரா ஸ்டிரிங் ஒற்றை பேக்ஸ்லாஷில் முடியவே முடியாது. அங்கே பேக்ஸ்லாஷ் தன் பொருளை இழந்தாலும், பக்கத்தில் இருக்கும் மேற்கோள் குறியை இன்னும் காப்பாற்றுகிறது, தானும் வாசகத்தில் தங்கிவிடுகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுவதற்காகச் செய்த ஏற்பாடு என்பதால் அப்படி. ஒற்றை பேக்ஸ்லாஷில் முடியும் தேடல் எப்படியும் பிழைதான் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். ஆகவே சி ஷார்ப்புக்குச் செய்த திருத்தத்தை அப்படியே பைத்தானுக்குப் போட்டால் அங்கே கெட்டுவிடும்.

# குறிகளை எண்ணுவது இன்னும் ஆழமான சிக்கல். கணிதப் பொருளில் ரெகுலர் என்றால், அளவான நினைவு மட்டுமே உள்ள ஒரு பொறியால் அடையாளம் காணக்கூடியது என்று அர்த்தம். 1956இல் நோம் சாம்ஸ்கி மொழி இலக்கணங்களை வலிமைப்படி அடுக்கியபோது அடியில் வைத்த படி அது. எவ்வளவு நீள வரிசையையும் அந்தப் பொறி படித்துவிடும், ஆனால் "தொடக்கத்தில் எத்தனை இருந்ததோ அத்தனை முடிவிலும்" என்பதை அதனால் சரிபார்க்க முடியாது. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லையென்றால் அதன் விரல்கள் போதாது. ரஸ்ட் மொழியின் மூல நிரலோடு முன்பு இருந்த ஒரு குறிப்பு, தங்கள் ரா ஸ்டிரிங் இதற்கு அடுத்த படி இலக்கணத்துக்குக்கூட அடங்காது என்று நிரூபித்துக் காட்டியது. ஒரு # போட்ட வாசகத்துக்கு ஒரு விதி, இரண்டுக்கு ஒரு விதி, மூன்றுக்கு ஒரு விதி என்று தனித்தனியாக எழுதிச் சமாளிக்கலாம். யாராவது நான்கு போடும் வரை நிம்மதி.

உண்மையான திருத்தம், தொடக்கத்தில் கண்டதை அப்படியே நினைவில் வைத்து முடிவில் அதையே கேட்பது. டெக்ஸ்ட்மேட் விதிகளில் தொடக்க வடிவத்தில் பிடித்த எழுத்துகளை முடிவு வடிவத்தில் \1 என்று எழுதி மீண்டும் அழைக்கலாம். விம்மிலும் இதற்குத் தனி வழி உண்டு. மூன்று # பிடித்திருந்தால் மூன்று # கேட்கும், அடையாளச் சொல்லைப் பிடித்திருந்தால் அதே சொல்லைக் கேட்கும். எண்ண வேண்டியதில்லை, ஒப்பிட்டால் போதும். திருத்தம் ஒரு வரிதான். அந்த ஒரு வரி பழைய விதிகளில் எதை உடைக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் வாரம் பிடிக்கிறது. 2018 வாக்கில் மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்டின் ட்ரீ சிட்டர் வந்தது. அது ஊகிக்காமல் உண்மையாகவே இலக்கணப்படி பகுக்கிறது, தட்டிய இடத்தை மட்டும் மறுபடி பகுப்பதால் வேகமும் குறைவதில்லை. அதிலும் ரா ஸ்டிரிங் போன்ற இடங்களுக்கு இலக்கணம் போதாமல், கையால் எழுதிய சிறு நிரலைத் துணைக்கு வைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் சுவையாக இருந்த செய்தி வேறொன்று. பைத்தானில் ரா ஸ்டிரிங்குக்குச் சிறிய ஆர் போட்டாலும் பெரிய ஆர் போட்டாலும் மொழிக்கு ஒன்றுதான், எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஆனால் வி.எஸ். கோடு எடுத்துக்கொண்ட மேஜிக்பைத்தான் என்ற நிற விதித் தொகுப்பு ஒரு வழக்கத்தை உண்டாக்கியது. சிறிய ஆர் என்றால் உள்ளே ரெகுலர் எக்ஸ்பிரஷன் இருக்கிறது என்று வைத்து உள்ளுறுப்புகளைப் பல நிறத்தில் காட்டும். பெரிய ஆர் என்றால் வெறும் வாசகம், ஒரே நிறம். கோப்பு முகவரியைச் சிறிய ஆர் போட்டு எழுதியவர்கள், இடையிடையே விசித்திர நிறங்களைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். கதை இன்னும் முடியவில்லை. பைத்தான் நிரல்களை ஒரே சீராக அடுக்கித் தரும் பிளாக் என்று ஒரு கருவி உண்டு. எழுத்து முன்னொட்டுகளையெல்லாம் அது சிறிய எழுத்தாக மாற்றிவிடும். ஆனால் பெரிய ஆரை மட்டும் தொடாது! நிறமூட்டிகள் அதற்கு வேறு பொருள் கொள்கின்றன என்பதே காரணம். மொழியில் இல்லாத ஒரு வேறுபாடு, நிறத்தில் பிறந்து, மற்ற கருவிகளும் மதிக்கும் வழக்கமாகிவிட்டது. இலக்கண நூலில் இல்லாதது வழக்கில் வந்து நிலைபெறுவதை நாம் பார்த்ததில்லையா என்ன!

இனி, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன ஓரக்குறிக்கு வருவோம். நீண்ட கோப்பின் நடுவில் சட்டென்று குதித்தால் நிறம் சில நேரம் தவறும். மேலே எங்கோ திறந்த மேற்கோள் இன்னும் மூடப்படவில்லை என்பது அந்த இடத்தில் தெரியாது. விம் வேகத்துக்காகச் சில வரிகள் மட்டும் பின்னே போய்ப் பார்த்து ஊகிக்கும், ஊகம் தவறினால் நிறமும் தவறும். எத்தனை வரி பின்னே போக வேண்டும் என்று நாமே சொல்லவும் அதில் வசதி உண்டு. ஜோடிக் குறிக்கு மாறியபோது நாம் இழந்தது இதைத்தான்.

2016இல் ஆண்ட்ரூ கெல்லி அறிமுகப்படுத்திய ஸிக் என்ற மொழி இதற்கு வேறு வழி பார்த்தது. பல வரி வாசகத்தில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் \\ என்று இரண்டு பேக்ஸ்லாஷ் போட வேண்டும். அவ்வளவுதான்.

\\அவர் "வா" என்றார்.
\\நான் போகவில்லை.

முடிவுக் குறி என்று ஒன்றே கிடையாது. வரி முடிந்தால் முடிந்தது. உள்ளே மேற்கோள் குறி, #, பேக்ஸ்லாஷ் எது வந்தாலும் அப்படியே வாசகம். எந்த வரியையும் முன்பின் பார்க்காமல் தனியாகப் பகுக்க முடியும் என்று அந்த மொழியின் ஆவணமே சொல்கிறது. பல வரிக் குறிப்புரைகளைக்கூட அதற்காகவே மொழியில் சேர்க்கவில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வெளியிலிருந்து வாசகத்தை ஒட்டினால் வரிக்கு வரி குறி சேர்க்க வேண்டியிருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான குறைதான். எனக்கு என்னவோ, அலெக்ஸாண்ட்ரியாவில் ஓரத்தில் > போட்டுக்கொண்டே போனவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பழைய மின்னஞ்சல்களில் பதில் எழுதும்போது, முன்னவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முன் வந்து நின்றதே ஒரு > குறி, அதுவும் இதே வேலைதான்.

துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் எடிட்டரில் பைத்தான் கோப்பு ஒன்றைத் திறந்து, ஏதாவது ஒரு கோப்பு முகவரியைச் சிறிய ஆர் போட்டு ஒரு வரி, பெரிய ஆர் போட்டு ஒரு வரி எழுதிப் பாருங்கள். என்ன நிறம் வருகிறது என்று படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த எடிட்டர் என்றும் மறக்காமல் எழுதுங்கள்.